பந்தாட்ட வீரர் ரெனே லாகோஸ்ட்

மார்புப் பக்கத்தில் சிறிய முதலை உருவம் தைக்கப்பெற்ற சட்டையை மாணவர் பலர் கண்டிருத்தல் கூடும். அதனை விரும்பி வாங்குவோரும் உளர். அதனைப் போலவே போலியாகச் செய்து விற்போரும் உளர். ஆயின், அம்முதலை ஒரு மனிதருடைய பட்டப்பெயரைக் குறிப்பதென்பதையும், அம்மனிதர் தம் காலத்தில் டென்னிஸ் ஆட்டத்தில் உலகின் முதல்வராக விளங்கினார் என்பதையும் அறிந்தோர் சிலரே. அவர் பெயர் ரெனே லாகோஸ்ட் என்பது. பிரெஞ்சு நாட்டினர், மெலிந்த உடலினர், அடிக்கடி நோயுற்று நலிந்தவர். அத்தகைய ஒருவர், ஆற்றலிற் சிறந்தவரென உலகமெல்லாம் அஞ்சிய ஒரு பெருவீரரை மீண்டும் மீண்டும் வென்றார். அவ்வெற்றி எவ்வாறு கிட்டியது, அதற்கு அவர் கொடுத்த விலை யாது என்பவற்றை இனிக் காண்போம்.

லாகோஸ்ட் 1904-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 2-ஆம் நாள் பாரிஸ் மாநகரிற் பிறந்தார். தந்தையார் ஹிஸ்பானோ சூயிசா என்னும் புகழ்பெற்ற மோட்டார் வண்டித் தொழிலகத்தில் உயர்ந்த பொறுப்பு வகித்தவர். எனவே, வறுமை என்பதை இளமையில் அவர் அறிந்தாரல்லர். ஆனால், செல்வத்தால் வாங்க இயலாத ஒன்று அவருக்கு இல்லாதிருந்தது. அது உடல் வன்மை. ஓடி விளையாடும் பருவத்தில் மற்றைச் சிறுவரைப் போல அவர் திடமாக வளரவில்லை. 15 வயதளவில் தந்தையாருடன் இங்கிலாந்து நாட்டுக்குச் சென்றிருந்தபோதுதான் டென்னிஸ் மட்டையை முதன்முதலிற் கையிலெடுத்தார். பின்னாளிற் பெரும்புகழ் எய்திய ஆட்டக்காரர் பலர் ஏழெட்டு வயதிலேயே பயிற்சியைத் தொடங்கியவராவர். அவரோடு ஒப்பிட, இவர் காலந் தாழ்த்தே களம் புகுந்தார்.

மைந்தர் உயர்கல்வி பயின்று தொழில் துறையில் நிலைபெற வேண்டுமென்பது தந்தையாரின் கருத்து. மைந்தரின் உள்ளமோ பந்திலும் மட்டையிலும் படிந்துவிட்டது. இறுதியில் தந்தையார் ஓர் உடன்பாட்டிற்கு இசைந்தார் என்று கூறுவர். ஐந்து ஆண்டுகளுக்குள் உலகின் முதல்வராக வேண்டும். இயலாதாயின் ஆட்டத்தை விடுத்துக் கல்விக்கு மீள வேண்டும் என்பதே அவ்வுடன்பாடு. நோயாளியாகிய ஓர் இளைஞனுக்கு இஃது எத்துணைக் கடுமையான கட்டளை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1922-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் விம்பிள்டன் போட்டியில் அவர் முதன்முறையாகப் பங்கு கொண்டார். முதற் சுற்றிலேயே தோற்று வெளியேறினார். அடுத்த ஆண்டில் சிறிது முன்னேறினார். அவர் வளர்ச்சியில் வியக்கத்தக்க பாய்ச்சல் ஒன்றும் இல்லை. படிப்படியாகவே அவர் ஏறினார். ஆனால், ஏறிய படியினின்று இறங்கவில்லை.

இவ்விடத்தில் டென்னிஸ் ஆட்டத்தின் இயல்பைச் சிறிது விளக்குதல் நலம். ஆடுகளம் 78 அடி நீளமுடையது; ஒருவரோடொருவர் தனித்து ஆடும்போது 27 அடி அகலம் கணக்கிற் கொள்ளப்படும். நடுவிற் கட்டிய வலை, மையத்தில் 3 அடி உயரம் இருக்கும். பந்து தம் பக்கத்தில் இருமுறை நிலத்திற் படுமுன் அதனை வலைக்கு மேலாகத் திருப்பி, எதிரியின் எல்லைக் கோடுகளுக்குள் விழும்படி அடித்தல் வேண்டும். தவறியவர் புள்ளியை இழப்பர். புள்ளிகள் சேர்ந்து ஒரு கேம் ஆகும். ஆறு கேம் பெற்றவர் ஒரு செட்டை வென்றவராவர். ஆயினும் எதிரியைவிட இரண்டு கேமேனும் மிகுதியாகப் பெற்றிருத்தல் வேண்டும். அக்காலத்தில் இவ்விதிக்கு விலக்கே இல்லையாதலால், ஒரு செட்டு முடிவின்றி நீளுதலும் உண்டு. பெரும்போட்டிகளில் ஐந்து செட்டுகளில் மூன்றை முதலில் வென்றவர் வெற்றி எய்துவர்.

இவ்விதிகளை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். எதிரியால் தொடவும் இயலாத வண்ணம் ஒருவர் பந்தை அடித்தாலும் அவருக்குக் கிடைப்பது ஒரு புள்ளியே. எதிரி தாமே பந்தை வலையில் அடித்துக் கெடுத்துக் கொண்டாலும் கிடைப்பது அதே ஒரு புள்ளிதான். மின்னலைப் போன்ற அடிக்கு மிகுதியான மதிப்பெண் இல்லை. பார்ப்போர் கை தட்டுவர், அவ்வளவே. வன்மையாகவும் தாழ்வாகவும் அடிக்கப்படும் பந்து வலையைத் தொட்டும் தொடாமலும் பறத்தலின், அது தவறுவதற்கு இடம் மிகுதி. சற்று உயர்த்தி, எதிரியின் கடைக்கோட்டை ஒட்டி விழுமாறு அடிக்கும் பந்தோ தவறுவது அரிது. மேலும், பந்து கடைக்கோட்டருகே விழுமாயின் எதிரி வலையை நோக்கி முன்னேற இயலாது. அங்கிருந்து அவர் எத்துணை வலிந்து அடித்தாலும், பந்து 78 அடியைக் கடந்து வருவதற்குள் அதன் விசை குறைந்துவிடும். எதிர்கொள்பவருக்குச் சிறிது காலமும் கிடைக்கும். இவ்வுண்மையை லாகோஸ்ட் தெளிவாக உணர்ந்தார். தம் உடலால் இயலாததை இயற்ற முயன்று வீழ்வதைவிட, இயல்வதைப் பிழையின்றி இயற்றுவதே தக்கதென முடிவு செய்தார்.

அம்முடிவிற்கேற்ப அவர் செய்த பயிற்சி, பொறியாளர் ஒருவர் எந்திரத்தை ஆராய்வதை ஒத்திருந்தது. தாம் எதிர்த்து ஆடியவர், ஆடப் போகின்றவர், பிறரோடு ஆடக் கண்டவர் ஆகிய அனைவரைப் பற்றியும் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். யார் எப்பக்கத்துப் பந்தில் தடுமாறுவர், யார் நெருக்கடி வந்தபோது பதறுவர், யாருக்கு உயர்ந்து எழும் பந்து பிடிக்காது என்பன போன்ற செய்திகள் அவ்வேடுகளில் நிறைந்திருந்தன. போட்டிக்கு முன்னர் அவற்றைப் படித்துவிட்டே களம் புகுவார். பிறர் நினைவிலிருந்தும் பழக்கத்திலிருந்தும் ஆடினர். இவர் ஏட்டிலிருந்து ஆடினார். விளையாட்டுக்கு ஏடு எதற்கு என்று நகைத்தோரும் இருந்திருப்பர். ஏட்டோடு வாழ்நாளைக் கழித்த தமிழாசிரியனாகிய எனக்கோ இச்செய்தி தனியொரு மகிழ்ச்சியைத் தருகின்றது.

குறிப்பேட்டோடு அவர் அமையவில்லை. ஒரே வகையான பந்தை நூறு முறை அடித்துப் பழக விரும்பினார். எதிர்நின்று அவ்வாறு பந்து போடுவோர் யாவர்? மனிதர் சலித்துவிடுவர். ஆகவே, பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக எறியும் கருவி ஒன்றைத் தாமே அமைத்தார். இக்காலத்தில் பயிற்சிக் கூடங்களிற் காணப்படும் பந்தெறி பொறிகளுக்கு அதுவே முன்னோடி. பிற்காலத்தில் டன்லப் நிறுவனத்தார் அதனைச் செய்து விற்றனர். சலிப்பறியாத அப்பொறியின் எதிரே, சலிப்பறியாத அவ்விளைஞர் நாள்தோறும் நின்றார்.

முதலை என்னும் பெயர் அவருக்கு வாய்த்த வரலாறு சுவையானது. 1923-ஆம் ஆண்டில், நாடுகளுக்கிடையே நிகழும் டேவிஸ் கோப்பைப் போட்டியின் பொருட்டுப் பிரெஞ்சுக் குழுவினர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தங்கியிருந்தனர். அங்கே ஒரு கடையில் முதலைத் தோலால் ஆகிய பெட்டி ஒன்றை லாகோஸ்ட் கண்டு விரும்பினார். வரவிருந்த முதன்மையான ஆட்டத்தில் அவர் வென்றால் அப்பெட்டியை வாங்கித் தருவதாகக் குழுத்தலைவர் ஆலன் முர் பந்தயம் கட்டினார். லாகோஸ்ட் வெல்லவில்லை, பெட்டியும் கிடைக்கவில்லை. ஆனால், இச்செய்தியைக் கேள்வியுற்ற செய்தியாளர் ஒருவர் முதலை என்னும் பெயரை அவருக்குச் சூட்டி எழுதிவிட்டார். கவ்வியதை விடாத முதலையின் இயல்பு அவர் ஆட்டத்திற்கு முற்றும் பொருந்தியமையால் அப்பெயர் நிலைத்தது. நண்பராகிய ராபர்ட் ஜார்ஜ் என்பவர் முதலையின் உருவத்தை வரைந்து கொடுக்க, லாகோஸ்ட் அதனைத் தம் மேற்சட்டையில் தைத்துக் கொண்டு களத்திற்கு வரலானார்.

1924-ஆம் ஆண்டில் விம்பிள்டன் இறுதியாட்டம் வரை சென்று, தம் நாட்டவரான ழான் பொரோத்ராவிடம் ஐந்து செட்டுகளில் தோற்றார். அடுத்த ஆண்டில் பிரெஞ்சுப் பட்டத்தையும் விம்பிள்டன் பட்டத்தையும் அதே பொரோத்ராவை வென்று கைக்கொண்டார். 1926-இல் அமெரிக்கப் பட்டமும் அவரைச் சேர்ந்தது. அங்கும் இறுதியில் எதிர்த்தவர் பொரோத்ராவே. இவ்விருவரோடு ஆன்ரி கோஷே, ஜாக் புருஞோன் ஆகிய இருவரும் சேர்ந்து பிரெஞ்சு நாட்டின் நால்வர் எனப் புகழ் பெற்றனர். நால்வரும் ஒருவரையொருவர் வெல்ல முயன்றனர். ஆயினும், நாட்டிற்காக ஆடும்போது ஓருயிராய் நின்றனர். அவர்கள் நெஞ்சில் இருந்த வேட்கை ஒன்றே. டேவிஸ் கோப்பையைப் பிரெஞ்சு நாட்டிற்குக் கொணர்தல் வேண்டும் என்பதே அது.

அதற்கு மலைபோற் குறுக்கே நின்றவர் பில் டில்டன் என்னும் அமெரிக்கர். ஆறடிக்கு மேற்பட்ட உயரம், அகன்ற தோள், நீண்ட கை. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் அவருடைய முதலடியைப் பீரங்கிக் குண்டோடு ஒப்பிட்டு அக்காலத்தார் பேசினர். 1920 முதல் 1925 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து அமெரிக்கப் பட்டம் அவர் கையில் இருந்தது. 1920-இலும் 1921-இலும் விம்பிள்டனில் வென்றார். 1920 முதல் 1926 வரை ஏழு ஆண்டுகள் டேவிஸ் கோப்பையை அமெரிக்கா இழக்காதிருந்ததற்குத் தலையாய காரணம் அவரே.

டில்டனை வன்மை ஒன்றே உடையவர் என்று கருதுதல் பிழையாகும். அவ்வாறு எழுதுவோர் சிலர் உளர். அவர் வரலாற்றை முழுதும் படித்திலர். 1919-ஆம் ஆண்டின் அமெரிக்க இறுதியாட்டத்தில் தோற்றபின், தம் இடப்புற அடி குறையுடையதெனத் தெளிந்து, ஒரு குளிர்காலம் முழுவதும் உள்ளரங்கில் தங்கி அவ்வடியை அடியோடு மாற்றிப் பயின்றவர் அவர். 1922-இல் மட்டை பிடிக்கும் கையின் நடுவிரலில் நஞ்சேறி, அதன் நுனிக்கணுவை வெட்டியெடுக்க நேர்ந்தது. மற்றொருவராயின் மட்டையைக் கீழே வைத்திருப்பர். அவரோ பிடியைச் சற்றே மாற்றிக்கொண்டு பட்டத்தையும் காத்துக் கொண்டார். பந்தைச் சுழலவிட்டு எதிரியை ஏய்க்கும் கலையிலும் அவர் வல்லவர். ஆயினும், நெருக்கடியில் அவர் நம்பியது தம் தோள் வலியையே. பீரங்கியை உடையவர் அதனை முழக்காதிருத்தல் அரிதன்றோ?

லாகோஸ்ட்டின் குறிப்பேட்டில் டில்டனுக்குரிய பக்கங்களே மிகுதியாக இருந்திருக்கும் என்று கருதலாம். 1926-ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பையில் கடைசி ஆட்டத்தில் அவர் டில்டனை நான்கு செட்டுகளில் வென்றார். அதற்கு முன்னரே கோப்பை அமெரிக்காவிற்கு உறுதியாகிவிட்டதால் அவ்வெற்றியால் நாட்டிற்குப் பயன் விளையவில்லை. ஆனால், வெல்ல முடியாதவர் என்ற மயக்கம் அன்று அகன்றது. 1927-ஆம் ஆண்டு பிரெஞ்சுப் பட்டத்தின் இறுதியாட்டத்தில் இருவரும் மீண்டும் எதிர்நின்றனர். ஐந்தாம் செட்டில், இன்னும் ஒரே புள்ளி பெற்றால் வெற்றி என்னும் நிலையை டில்டன் எய்தினார். அப்புள்ளியை அவர் பெறவில்லை. 6-4, 4-6, 5-7, 6-3, 11-9 என்ற கணக்கில் லாகோஸ்ட் வென்றார்.

அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் டேவிஸ் கோப்பைக்கான இறுதிப்போர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஜெர்மன்டவுன் ஆடுகளத்தில் நிகழ்ந்தது. டில்டன் பிறந்து வளர்ந்த ஊர் அதுவே. மூன்று நாளில் ஐந்து ஆட்டங்கள். அவற்றுள் மூன்றை வென்ற நாட்டிற்குக் கோப்பை உரியது. முதல் நாளில் லாகோஸ்ட் பில் ஜான்ஸ்டனை எளிதில் வென்றார். டில்டன் கோஷேயை நான்கு செட்டுகளில் வீழ்த்தினார். இரண்டாம் நாள் இருவர் இருவராக ஆடும் ஆட்டம். அமெரிக்கர் டில்டனையே மீண்டும் இறக்கினர். பிரெஞ்சுக்காரரோ லாகோஸ்ட்டையும் கோஷேயையும் ஓய்வெடுக்க விட்டு, பொரோத்ராவையும் புருஞோனையும் அனுப்பினர். அவ்விருவரும் தோற்றனர், ஆனால், ஐந்து செட்டுகள் வரை போராடித் தோற்றனர். டில்டன் அவ்வைந்து செட்டுகளும் ஓடியாடினார். ஆக, அமெரிக்கா இரண்டு, பிரெஞ்சு நாடு ஒன்று என்ற நிலையில் மூன்றாம் நாள் பொழுது விடிந்தது. டில்டன் வென்றால் எல்லாம் முடிந்துவிடும்.

எதிரே நின்றவர் 23 வயதினரான லாகோஸ்ட். டில்டனுக்கோ வயது 34. சொந்த ஊர் மக்கள் திரண்டு ஆரவாரிக்க, டில்டன் தம் வன்மையெல்லாம் திரட்டி அடித்தார். ஒவ்வோர் அடியும் திரும்பி வந்தது. மீண்டும் அடித்தார், மீண்டும் திரும்பி வந்தது. அதுவும் வெறுமனே திரும்பவில்லை. கடைக்கோட்டின் இடமூலைக்கு ஒன்றும் வலமூலைக்கு ஒன்றுமாகச் சென்று விழுந்து, அவரை இங்கும் அங்கும் ஓடச் செய்தது. லாகோஸ்ட்டின் முகத்தில் மகிழ்வும் இல்லை, வருத்தமும் இல்லை. முதற்செட்டை லாகோஸ்ட்டும் இரண்டாவதை டில்டனும் வென்றனர். அதன்பின் பெருவீரரின் கால்கள் தளரத் தொடங்கின. 6-3, 4-6, 6-3, 6-2 என்று ஆட்டம் முடிந்தது. அடுத்து கோஷே ஜான்ஸ்டனை வெல்ல, டேவிஸ் கோப்பை முதன்முறையாகப் பிரெஞ்சு நாட்டிற்கு உரியதாயிற்று. 1932 வரை அதனை அந்நாட்டார் விட்டிலர்.

டில்டன் களைத்திருந்தமையால் தோற்றார் என்று கூறினோர் உளர். அக்கூற்றில் ஓரளவு உண்மையும் உண்டு; 11 ஆண்டு வயது வேறுபாடு சிறிதன்று. ஆனால், ஒரு வாரத்திற்குப்பின் நிகழ்ந்த அமெரிக்கப் பட்டத்தின் இறுதியாட்டம் அதற்கு விடையளித்தது. நியூயார்க் நகரத்துப் பாரஸ்ட் இல்ஸ் களத்தில் இருவரும் சந்தித்தனர். முன்னிலும் கடுமையாக டில்டன் தாக்கினார். கணக்கு 11-9, 6-3, 11-9. மூன்றே செட்டுகள், ஆனால் 49 கேம்கள். தாக்கியவர் டில்டன், வென்றவர் லாகோஸ்ட். மதிலின்மேற் பந்தை எறிபவன் எத்துணை வலிந்து எறிந்தாலும் மதில் களைப்பதில்லை. அன்று டில்டன் கண்டது அத்தகைய ஒரு மதிலையே.

இவ்வளவில் வரலாற்றை நிறுத்திவிட்டால், வன்மை தாழ்ந்தது, பொறுமை உயர்ந்தது என்று எளிதாகக் கூறிவிடலாம். ஆனால், அடுத்த ஆண்டு நிகழ்ந்ததையும் கூறாது விடுதல் முறையன்று.

டேவிஸ் கோப்பையைக் காத்துக் கொள்ளும் போட்டிக்கெனப் பாரிஸ் நகரில் புதியதோர் அரங்கம் எழுப்பப்பட்டது. முதல் உலகப்போரில் உயிர்நீத்த விமானி ரோலான் காரோவின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1928-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அமெரிக்கர் அங்கு வந்தனர். வந்த இடத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. அந்நாளில் இப்பெரும் போட்டிகளில் ஆடுவோர் ஆட்டத்தின் பொருட்டு ஊதியம் பெறலாகாது என்பது விதி. டில்டன் செய்தித்தாள்களுக்குக் கட்டுரை எழுதிப் பொருள் பெற்றார் என்று கூறி, அமெரிக்க டென்னிஸ் சங்கத்தார் அவரை விலக்கி வைத்தனர். டில்டன் ஆடாவிடில் புது அரங்கத்தில் கூட்டம் சேருமோ என்று பிரெஞ்சுக்காரர் கவலையுற்றனர். இறுதியில் அமெரிக்கத் தூதர் தலையிட்டு அவரை ஆட அனுமதிக்கச் செய்தார். பகைவரே விரும்பி அழைத்த வீரர் என்னும் பெருமை டில்டனுக்கு அன்று கிட்டியது.

லாகோஸ்ட் அத்திங்களில்தான் விம்பிள்டனில் டில்டனையும் கோஷேயையும் அடுத்தடுத்து வென்று, இரண்டாம் முறையாக அப்பட்டத்தைப் பெற்றிருந்தார். ஆகவே, முடிவு யாதாகும் என்பதில் மக்களுக்கு ஐயமே இல்லை. முதற் செட்டில் 6-1 என்று லாகோஸ்ட் வென்றபோது, அவர்கள் கருத்து உறுதியாயிற்று. ஆனால், அதன்பின் டில்டன் தம் பீரங்கியை ஓரமாக வைத்துவிட்டார். மெல்ல வெட்டியடித்தார், பந்தைச் சுழலவிட்டார், தாழப் பறந்து எழாமல் வழுக்கும்படி செய்தார், திடீரென வலைக்கு அண்மையில் விழச் செய்தார். வேகமாக வரும் பந்தின் விசையைக் கொண்டே திருப்பியடித்துப் பழகியவர் லாகோஸ்ட். விசையே இல்லாத பந்துக்கு அவரே விசை கொடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு பந்துகள் ஒன்றுபோல் வரவில்லை. குறிப்பேட்டில் எழுதி வைத்த டில்டன் வேறு. எதிரே நின்ற டில்டன் வேறு. 1-6, 6-4, 6-4, 2-6, 6-3 என்று 35 வயதினரான டில்டன் வென்றார். மற்றை நான்கு ஆட்டங்களையும் பிரெஞ்சுக்காரர் வென்றமையால் கோப்பை அவர்களிடமே இருந்தது. ஆயினும், அவ்வரங்கத்தில் இன்றளவும் பேசத்தக்க ஆட்டங்களுள் தோற்ற நாட்டுக்காரரின் இவ்வெற்றியும் ஒன்று. நூலாசிரியர் பலர் லாகோஸ்ட்டின் வெற்றிகளையே விரித்துரைப்பர். எனக்கோ, தம்மை வென்றவரின் பாடத்தை முதிய வயதில் கற்றுக்கொண்டு அவரையே வென்ற இந்நிகழ்ச்சி, அவ்வெற்றிகள் அனைத்தினும் மேலாகத் தோன்றுகின்றது.

1929-ஆம் ஆண்டில் லாகோஸ்ட் மூன்றாம் முறையாகப் பிரெஞ்சுப் பட்டத்தை வென்றார். அரையிறுதியில் டில்டனையும் இறுதியில் பொரோத்ராவையும் வீழ்த்தினார். பிரெஞ்சுப் பட்டம் மூன்று, விம்பிள்டன் பட்டம் இரண்டு, அமெரிக்கப் பட்டம் இரண்டு என ஏழு பெரும் பட்டங்கள் ஐந்தே ஆண்டுகளில் அவருக்கு உரியவாயின. ஆனால், உடல் இனி ஒத்துழைக்க மறுத்தது. மூச்சுறுப்புகளைப் பற்றிய நோய் முற்றியது. தவறாது திருப்பி அடிப்பது எளிய செயலன்று. விரைந்து அடிப்பவர் ஒரு புள்ளியை மூன்றடியில் முடிப்பர். பொறுத்து ஆடுபவர் அதே புள்ளிக்கு முப்பது முறை ஓட வேண்டும். வன்மை இல்லாமையால் அவர் மேற்கொண்ட வழி, அவரிடம் இருந்த சிறிய வன்மையையும் உண்டுவிட்டது. அவ்வாண்டிலேயே, 25 வயதில், முதன்மையான போட்டிகளினின்றும் அவர் ஒதுங்கினார். 1932-இல் சிறிது காலம் மீண்டும் ஆடிப் பார்த்தார்; நீடிக்க இயலவில்லை.

டில்டன் 1930-ஆம் ஆண்டில், 37 வயதில், மூன்றாம் முறையாக விம்பிள்டன் பட்டம் வென்று, அவ்வாண்டின் இறுதி நாளில் தொழில்முறை ஆட்டக்காரராக மாறினார். ஊர் ஊராகச் சென்று, கட்டணம் வாங்கி ஆடிக்காட்டும் வாழ்க்கை அது. 1931-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில் அவர் எதிர்த்த முதல்வர் காரெல் கோசலு என்னும் செக்கு நாட்டு வீரர். பந்தைத் தவறாமல் திருப்புவதில் அவருக்கு நிகரில்லை என்று தொழில்முறை ஆட்டக்காரர்களிடையே பெயர் இருந்தது. அவரையும் டில்டன் வென்றார். லாகோஸ்ட்டிடம் கற்றது அங்கே பயன்பட்டிருத்தல் கூடும்.

ஆட்டத்தை விட்ட லாகோஸ்ட் சோம்பியிருந்தாரல்லர். 1930-இல் சிமோன் த லா ஷோம் என்னும் அம்மையாரை மணந்தார். அவ்வம்மையார் கோல்ப் ஆட்டத்தில் இங்கிலாந்து மகளிர் பட்டம் வென்றவர். இவர்தம் மகளார் காத்ரீன் 1967-இல் அமெரிக்க மகளிர் கோல்ப் பட்டத்தை வென்று பெற்றோருக்குப் புகழ் சேர்த்தார். அக்காலத்து ஆட்டக்காரர் நீண்ட கையும் கஞ்சியிட்ட விறைப்பும் உடைய சட்டைகளை அணிந்தே ஆடி வந்தனர். லாகோஸ்ட் தாம் ஆடிய நாளிலேயே அதனைக் கைவிட்டு, மென்மையான பின்னற்பருத்தியாலான அரைக்கைச் சட்டையை அணிந்திருந்தார். 1933-இல் பின்னலாடைத் தொழிலராகிய ஆந்திரே ழிலியே என்பவரோடு கூடி, அத்தகைய சட்டைகளைச் செய்து விற்கும் நிறுவனத்தைத் தொடங்கினார். முதலை அன்று மார்பில் ஏறியது, இன்றும் இறங்கவில்லை.

அவருடைய ஆராய்ச்சி உள்ளம் முதுமையிலும் ஓயவில்லை. மரத்தாலாகிய மட்டைகளே வழங்கிய காலத்தில், 1963-ஆம் ஆண்டில் எஃகுக் குழாயாலாகிய மட்டை ஒன்றை உருவாக்கி வெளியிட்டார். அதன் உரிமையைப் பெற்ற அமெரிக்க நிறுவனமாகிய வில்சன், 1967 முதல் அதனைத் தன் நாட்டில் விற்கலாயிற்று. மரமட்டையைவிட எஃகுமட்டை பந்தை விரைந்து செலுத்தியது. வன்மையின்றி வென்றவர், வன்மையாளர்க்கு ஒரு புதிய படைக்கலத்தை வழங்கியது விந்தையே. 1968-இல் ஊதியம் பெறுவோர்க்கும் பெரும்போட்டிகள் திறந்துவிடப்பட்டன. அதன்பின் எழுந்த தொழில்முறை ஆட்டக்காரருள் ஜிம்மி கானர்ஸ் என்னும் அமெரிக்கர் இம்மட்டையாலேயே எதிரிகளைக் கலங்கடித்து, 1974-இல் விம்பிள்டன் பட்டமும் பெற்றார். 1975-இல் அவரை அங்கே இறுதியில் எதிர்த்தவர் ஆர்தர் ஆஷ். ஆஷ் இயல்பாக வலிந்து அடிப்பவர். கானர்சைவிட ஒன்பது ஆண்டு மூத்தவர். அன்று அவர் தம் வழக்கத்தை மாற்றி, விசையற்ற பந்துகளைத் தாழ்வாகவும் மெதுவாகவும் அனுப்பிக்கொண்டே இருந்தார். வேகத்தையே உண்டு வளர்ந்த கானர்ஸ் திணறினார். 6-1, 6-1, 5-7, 6-4 என்று ஆஷ் வென்றார். 1928-ஆம் ஆண்டு ரோலான் காரோவில் டில்டன் தமக்குச் செய்ததையே, தாம் படைத்த எஃகுமட்டையை ஏந்திய ஒருவருக்கு ஆஷ் செய்ததை, அப்போது 71-ஆம் வயதை எட்டியிருந்த லாகோஸ்ட் அறிந்து என்ன எண்ணினாரோ!

தோள்வலி மிக்க டில்டன் 1953-ஆம் ஆண்டு சூன் 5-ஆம் நாள், தொழில்முறைப் போட்டி ஒன்றிற்குப் புறப்படவிருந்த நிலையில், 60 வயதில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் காலமானார். 25 வயதில் நோயால் களத்தை விட்டகன்ற லாகோஸ்ட், அதன்பின் 67 ஆண்டுகள் வாழ்ந்தார். பிரெஞ்சு நாட்டின் தென்மேற்குக் கடற்கரையிலுள்ள சேன் ழான் த லூஸ் என்னும் ஊரில், 1996-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12-ஆம் நாள், தம் 92-ஆம் வயதில் அவர் உயிர் நீத்தார்.